நிறுவியவரின் உடன்பிறந்தார்

மத்தியானத் தூக்கத்தில்தான் அந்தக் கனவு வந்தது. எங்கள் தெரு முழுக்க மாவு பறந்துகொண்டிருந்தது. அதற்குள் செயற்கைக் கால்கள், ஷூ மாட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்துபோயின. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு கால் நின்று கதவைத் தட்டியது. கடைசிக் கால் தட்டிய கதவைத் திறந்தவன் என் தம்பி. "யார் அனுப்பினது?" என்று கேட்டான். கால் வாயே திறக்கவில்லை. சமர்த்து! எழுந்தபோது எனக்கு வழி தெரிந்துவிட்டது.

அப்பாவின் பேக்கரியை நான் விற்றதிலிருந்து தம்பி என்னோடு பேசுவதில்லை. அடுப்பு அவன் கையில் இருந்தது, பத்திரம் என் பெயரில் இருந்தது. நஷ்டம் தாங்காமல் விற்றேன். அவன் பங்கை நீட்டியபோது, "எனக்கு அக்காவே கிடையாது" என்று ஊர் கேட்கக் கத்திவிட்டுப் போனான். அப்புறம் சர்க்கரை நோய் அவன் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. ஊன்றுகோலோடு திரிகிறான். நான் அனுப்பிய பணமெல்லாம் போன வழியே திரும்பி வந்தது. கழுதை! பிடிவாதத்தில் அப்பாவை உரித்து வைத்திருக்கிறான்.

ஆனால் ஊருக்கெல்லாம் கொடுக்கிற பணம் என்றால் வாங்குவான் அல்லவா? ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் அதைப் பத்திரம் போட்டே செய்யப் பார்த்தேன்.

அவன் பங்கை வங்கியில் தனியே விட்டுவிட்டு, என் பங்கு முழுவதையும் ஊரில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் வாங்கித்தரும் நிதியாக வைப்பது என்று முடிவானது. முதல் தொகையைத் தொடவே கூடாது, வட்டியில்தான் தர்மம் என்றார் வக்கீலம்மா. அது எனக்குப் புதிதா என்ன? பேக்கரியில் பிசைந்த மாவில் ஒரு பிடியை மறுநாள் மாவு புளிப்பதற்கு உறையாக எடுத்துவைப்போம். அது இருக்கும்வரை நாளைக்கும் ரொட்டி உண்டு.

கையெழுத்து நாளன்று மாடி அறையில் ஜன்னல் திரை மெல்ல ஆடியது. வக்கீலம்மா தாலாட்டுகிற குரலில் பத்திரத்தை வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் ஒருவர் எழுந்து நடப்பதுபோல எனக்குத் தோன்றியது. தையல் கடைக்காரர் நடந்தார். விபத்தில் காலை இழந்த லாரி டிரைவர் நடந்தார். தபால்காரர் மகள் ஓடவே ஓடினாள். அடுத்தது தம்பிதான் என்று காத்திருந்தேன்.

"நிறுவியவரோ அவருடைய உடன்பிறந்தாரோ இதில் பயனடையலாகாது" என்று வாசித்தார்.

"என்னம்மா சொன்னீங்க?"

"உங்க சொந்தக்காரங்களுக்கு இதுலேர்ந்து எதுவும் தரக்கூடாது."

"அந்த வரியை எடுத்துடுங்க."

"எடுத்தா இது தர்மமே இல்லைம்மா."

"அவன்தான் எனக்கு அக்காவே கிடையாதுங்கிறானே!"

வக்கீலம்மா சிரித்துவிட்டார். "சட்டத்துக்கு நீங்க அக்காதான்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனாவை வீசியிருப்பேன். ஆனால் எழுந்து நடந்தவர்களை மறுபடி உட்காரச் சொல்ல மனசு வரவில்லை. போட்டுத் தொலைத்தேன் கையெழுத்தை.

அங்கிருந்து நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். வெயில் மஞ்சளாகச் சரிந்திருந்தது. இன்னும் கனவுக்குள்ளேயே நடப்பதுபோல இருந்தது. கதவைத் திறந்தவன் நகரவில்லை.

"கால் இல்லாதவங்களுக்கு ஒரு நிதி வெச்சிருக்கேன்" என்றேன்.

"அதுக்கு?"

"உனக்காகத்தான்டா வெச்சேன். உனக்கு மட்டும் கிடையாதாம்."

சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "ஏனாம்?"

"நீ என் தம்பியாம். நான் உனக்கு அக்கா இல்லைன்னு சொல்லிடு, நிதியிலேர்ந்தே வாங்கிக்கலாம். இல்லைன்னா வங்கியில கிடக்கிற உன் பங்கை என் கையால வாங்கிக்கோ. ரெண்டுல ஒண்ணு சொல்லு. அன்னிக்கு ஊர் கேட்கச் சொன்னியே, அதே மாதிரி சொல்லு."

முதல் பாதி புளுகு. சட்டம் அப்படியெல்லாம் வளையாது, வக்கீலம்மா மன்னிக்கட்டும்.

அவன் வாயைத் திறந்தான். சொல்லியிருந்தால் நான் அந்த வாசலிலேயே விழுந்திருப்பேன். திறந்த வாய் அப்படியே நின்றது. கண் மட்டும் நிறைந்தது.

"புதுக் காலுக்கு அளவு எடுக்க ரொம்ப நேரம் ஆகுமாம்" என்றான் கடைசியில், என்னைப் பார்க்காமல். "தனியா உட்கார்ந்திருக்க போரடிக்கும். நீயும் வா."