ஸ்பீக்கர்களுக்கு ஓர் அறை

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பத்தாவது மாடியில் லிஃப்ட் தரையைவிட ஒரு நூல் தாழ்ந்து நின்றாலும் காலாலேயே கண்டுபிடித்துவிடுவார். அந்தத் திறமையில் எனக்குப் பெருமை உண்டு. அதை அவர் வீட்டுக்குள் கொண்டுவரும்போதுதான் எங்களுக்குள் தகராறு வரும்.

அந்தச் சனிக்கிழமை காலை அவருடைய புது ஸ்பீக்கர்கள் வந்து இறங்கின. இரண்டும் சின்னவை, கைக்கு ஒன்றாகத் தூக்கிவிடலாம். அவரோ ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் ஏந்தி வந்து சோபாவில் உட்காரவைத்தார். நாலு வருட ஆசை. பெட்டியைப் பிரித்த கையோடு டேப், ரசமட்டம், சாக்பீஸ் எல்லாம் எடுத்துக்கொண்டார்.

"எந்த ரூம்ல வெச்சா நல்லா பாடும்னு இன்னைக்கே கண்டுபிடிச்சிடறேன்" என்றார்.

துணைக்கு மாடியில் குடியிருக்கும் என் கொழுந்தனையும் கூப்பிட்டுக்கொண்டார். கொழுந்தன் பல்செட் செய்கிறவன். பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டச் சொன்னால் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

சோதனைக்கு எடுத்த பாட்டு ஒன்றே ஒன்று. ஒரு பெண் பாடுவாள், பின்னால் வயலின் மட்டும். ஹாலில் முதலில் வைத்தார்கள். டைல்ஸ் தரை, திரையில்லாத இரண்டு பெரிய கண்ணாடி ஜன்னல்கள். அந்தப் பெண் குளியலறைக்குள் நின்று பாடுவதுபோல் இருந்தது. படுக்கையறையில் இரும்பு பீரோ கூடவே ரீங்கரித்தது. சமையலறையில் வயலின் இழுக்க இழுக்க எவர்சில்வர் தட்டுகள் தாளம் போட்டன. "தட்டு நல்லா வாசிக்குதுண்ணே" என்று கொழுந்தன் சொல்லி முறைப்பு வாங்கிக்கொண்டான்.

மிச்சம் இருந்தது என் அறை.

நான் திரை தைக்கிறவள். வீட்டு ஜன்னல் திரை, அலுவலகத் திரை, மேடைத் திரை எல்லாம் தைப்பேன். பதினேழு வருடத் தொழில். அதில் முதல் பதினொரு வருடம் சாப்பாட்டு மேசையில்தான் தைத்தேன். ஒவ்வொரு வேளையும் துணியைச் சுருட்டி வைத்து, நூல் துண்டுகளைத் துடைத்து எடுத்துவிட்டுத் தட்டு வைக்க வேண்டும். சாதத்தில் நூல் கிடந்தது என்று பேச்சு வாங்காத வாரம் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால், உடைந்த நாற்காலிகளும் பழைய பேப்பரும் அடைந்து கிடந்த பின்னறையை நானே காலி செய்து, நானே சுண்ணாம்பு அடித்து, என் அறையாக்கிக்கொண்டேன். இரண்டு சுவர்களில் கூரை வரைக்கும் துணிச் சுருள்கள். மூன்றாவது சுவரில் மாதிரித் திரைகள். தரை முழுக்க அன்றைக்கு ஒரு பள்ளி அரங்கத்தின் மேடைத் திரை விரிந்து கிடந்தது. கனமான வெல்வெட், வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும்.

அவர் என் வெட்டும் மேசையின் இரண்டு முனைகளிலும் ஸ்பீக்கர்களை வைத்துப் பாட்டைப் போட்டார்.

அந்தப் பெண் அறைக்குள் வந்து நின்றுவிட்டாள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவள் மூச்சு எடுப்பது கேட்டது. வயலின் வில் கம்பியைத் தொடும் இடம் கேட்டது. கொழுந்தன் தலையாட்டவே மறந்துபோனான். எனக்கும் மிகவும் பிடித்திருந்தது. என் மெஷின் எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை.

பாட்டு முடிந்ததும் அவர் அறையைச் சுற்றிலும் பார்த்தார். புது வீடு பார்க்க வந்தவர் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை.

"இந்த ரூமோட நீளமும் அகலமும் அப்படி அமைஞ்சிருக்கு" என்றார். "நீ ஹாலுக்கு வந்துடேன். தையல்தானே, எங்க உட்கார்ந்தும் தைக்கலாம். இந்த மூட்டையெல்லாம் எடுத்துட்டா இன்னும் அருமையா கேக்கும்."

தையல்தானே என்ற அந்த ஒரு வார்த்தையில் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கத்தியிருப்பேன். வாயில் இருந்த குண்டூசிகள் தடுத்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தி வைப்பதற்குள் கொஞ்சம் நிதானம் வந்துவிட்டது.

"ரூமோட நீளம் அகலம் இல்லைங்க, துணிதான். துணி எதிரொலியைக் குடிச்சிடும். சத்தம் சுத்தமா கேக்கும்."

"துணிக்கும் ஸ்பீக்கருக்கும் என்னம்மா சம்பந்தம்? அதை வெச்சு நீ தைக்கத்தான் முடியும்" என்று சிரித்தார். கொழுந்தனும் சிரித்தான், அண்ணன் சிரித்தால் அவனுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

நான் எழுந்து நின்றேன். "சரி. நாளைக்கு எல்லாத்தையும் ஹாலுக்கு மாத்துங்க. காலி ரூம்ல இதே பாட்டு இதே மாதிரி கேட்டா ரூம் உங்களுக்கு. நான் மறுபடி சாப்பாட்டு மேசைக்கே போயிடறேன். கேக்கலைன்னா, இந்த ரூமைப் பத்தி இனிமே ஒரு நாளும் பேசக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்!" என்றார். கையில் இருந்த சாக்பீஸால் என் வெட்டும் மேசையிலேயே ஸ்பீக்கர் இருந்த இடத்தைக் குறித்தும் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அண்ணனும் தம்பியும் துணிச் சுருள்களைத் தோளில் சுமந்து நடந்தார்கள். எண்ணிக்கொண்டே வந்த கொழுந்தன் நாற்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டான். "அண்ணி, இதெல்லாம் நீங்க தனியாவா உள்ள ஏத்தினீங்க?" என்று கேட்டான்.

"இல்ல தம்பி, அதுங்களே நடந்து வந்துச்சு."

ஹாலில் சுவர் ஓரமெல்லாம் சுருள்களைச் சாய்த்து நிறுத்தினோம். மேடைத் திரையைச் சோபா மேலும் தரை மேலும் பரப்பினோம். மாதிரித் திரைகள் மடங்கினால் கெட்டுவிடும் என்பதால் ஜன்னல் கம்பிகளில் தொங்கவிட்டேன். அதன் பிறகு என் அறைக்குள் போய்ப் பார்த்தேன். வெறும் சுவர். நான் அடித்த சுண்ணாம்பில் சுருள்கள் உரசிய கோடுகள். முந்தின நாள் அத்தனை தைரியமாகப் பேசியவளுக்கு அப்போது பயம் வந்தது. ஒருவேளை அவர் சொன்னதுதான் சரியாக இருந்துவிட்டால்? மறுபடி நூல் பொறுக்க வேண்டும், வேளாவேளைக்குச் சுருட்டி வைக்க வேண்டும். நினைக்கவே கசந்தது. ஆனால் தொட்டுப் பழகிய பொருளை நான் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டேன் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

அவர் காலியான வெட்டும் மேசையைப் பழைய இடத்திலேயே நிறுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, சாக்பீஸ் குறியில் ஸ்பீக்கர்களை வைத்தார். பாட்டைப் போட்டார்.

தகர டப்பாவுக்குள் தலையை விட்டுப் பாடினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. வயலின் காதைக் கிழித்தது. மூச்சாவது ஒன்றாவது!

"கொஞ்சம் முன்னாடி நகர்த்தணும்" என்றார். நகர்த்தினார். பின்னால் தள்ளினார். உள்பக்கமாகத் திருப்பினார். மேசையிலிருந்து இறக்கி நாற்காலியில் வைத்தார். ஒவ்வொரு தடவையும் டேப்பால் அளந்து எழுதிக்கொண்டார். மத்தியானம் வரை இதே கதை. நான் ஹாலில் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து மேடைத் திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது அன்றைக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

கடைசியில் ஸ்பீக்கர்களோடு வெளியே வந்தார். முகம் விழுந்திருந்தது. "ஏதோ கோளாறுடா. நேத்து தூக்கினப்போ எங்கயோ இடிச்சிருக்கும். இங்க வெச்சு ஒரு தடவை பார்த்துட்டு கடைக்குத் திருப்பி அனுப்பிடலாம்."

ஸ்பீக்கர் வைக்க இடம் இல்லாததால் சுருள்களுக்கு நடுவே இரண்டு ஸ்டூல்களைச் செருகி அவற்றின் மேல் வைத்தார். அளக்கவும் இல்லை, ரசமட்டத்தைத் தொடவும் இல்லை. அலுப்போடு பாட்டைப் போட்டார்.

அந்தப் பெண் மூச்சு எடுத்தாள்.

மூன்று பேருக்கும் கேட்டது. அவர் குனிந்த நிலையிலேயே நின்றுவிட்டார். முந்தின நாள் குளியலறையாக இருந்த அதே ஹால்தான். குரல் தெளிவாக, பக்கத்தில், பிசிறில்லாமல் வந்தது. வயலின் முடியும் வரைக்கும் யாரும் அசையவில்லை.

"அண்ணே," என்றான் கொழுந்தன், "இது அண்ணியோட ரூம் மாதிரியே கேக்குது."

அவர் கையை நீட்டிப் பக்கத்தில் இருந்த வெல்வெட் சுருளைத் தொட்டார். பிறகு ஜன்னலில் தொங்கிய திரையை. "துணிதான்" என்றார். "நான் எல்லாத்தையும் அளந்தேன். துணியைச் சாமான் கணக்குல விட்டுட்டேன்."

"ம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"திரை மாட்டிட்டு வர்ற ஒவ்வொரு வீட்டுலயும் சொல்றாங்க, வீடே அமைதியாயிடுச்சுன்னு. பதினேழு வருஷமா கேக்கறேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"நேத்து சொன்னேன். சிரிச்சீங்க."

கொழுந்தன் மெதுவாக, மாடியில் யாருக்கோ பல் காய்ந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு நழுவப் பார்த்தான். அவர் விடவில்லை. "சுருளைத் தூக்குடா" என்றார். சாயங்காலத்துக்குள் என் துணிகள் அத்தனையும் என் அறைக்குத் திரும்பின. எந்தச் சுருள் எந்த இடத்தில் என்று ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்டுத்தான் வைத்தார். தரையில் பரப்பும்போது மேடைத் திரையின் மடிப்பு கலையக் கூடாது என்று தம்பியை அதட்டினார். ஹாலில் அன்று இரவு அந்தப் பெண் மறுபடி குளியலறைக்கே போய்விட்டாள். அவர் பாதியில் நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தார்.

திங்கட்கிழமை காலை ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். யாரோ அறைக் கதவைத் தட்டினார்கள். என் வாடிக்கையாளர்கள் சொல்லாமல் வருவதில்லையே என்று நினைத்துக்கொண்டே, "யாரு?" என்றேன்.

"நான்தான். வரலாமா?"

இந்த ஆறு வருடத்தில் அவர் அந்தக் கதவைத் தட்டியதே இல்லை. நேரே வந்து, சாவி எங்கே, சட்டை எங்கே என்று கேட்டுவிட்டுப் போவார்.

"வாங்க."

வேலைக்குக் கிளம்பும் உடுப்பில், கையில் ஒரு தாளோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஹாலுக்குத் திரை தைக்கணும். ரெண்டு ஜன்னல். பின் சுவருக்கும் ஒண்ணு. அளவு எடுத்துட்டு வந்திருக்கேன்."

தாளை வாங்கிப் பார்த்தேன். மில்லிமீட்டர் வரை எழுதியிருந்தார்.

"எனக்கு முன்னாடி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"ஸ்கூல் மேடை இருக்கு. அதுக்கப்புறம் ரெண்டு வீடு. உங்களுது அடுத்த மாசம்தான் ஆகும்."

"சரி" என்றார். ஒரு பேரமும் பேசவில்லை. நான் அவர் அளவுகளை என் நோட்டில் எழுதி, பக்கத்தில் தேவையான துணியைப் போட்டேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"ஜன்னல் அகலத்தைப் போல ரெண்டரை மடங்கு எழுதியிருக்கியே. ஏன்?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் தையல் கணக்கைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை நான் மறைக்கவும் இல்லை. மெஷினை நிறுத்தினேன்.

"லேட் ஆகுமே, பரவாயில்லையா?" என்றேன்.

"லிஃப்ட் நிக்கட்டும்" என்றார். "நீ சொல்லு."