இருவருக்கு ஒரு பை

உரும்பிராயிலிருந்து செல்வச்சந்நிதிக்கு நடந்து போகிற கூட்டத்தில் அந்த வருடம் இருபத்தெட்டுப் பேர். இருபத்தேழு பேர் முருகனைக் கும்பிடப் போனார்கள். மியூரியல் ரீச்சர் மட்டும் இடம் பார்க்கப் போனார்.

மியூரியல் வட்டுக்கோட்டைக்காரி. மெதடிஸ்ற் குடும்பம். முப்பத்தொரு வருடம் புவியியல் படிப்பித்தவர். குடாநாட்டைக் கரும்பலகையில் ஒரே இழுப்பில் கீறி, நிலாவரைக்கு ஒரு புள்ளி, தொண்டைமானாற்றுக்கு ஒரு நீலக்கோடு என்று வைப்பார். ஆனால் அந்தப் புள்ளிகளில் பாதிக்கு அவர் போனதே இல்லை. முதலில் யுத்தம், பிறகு படுக்கையில் கிடந்த தாய், பிறகு கண். நாலு மாதத்துக்கு முன் வலக்கண்ணின் விழித்திரை விலகிக் கொழும்பில் ஒப்பரேசன் செய்ய வேண்டி வந்தது. இப்போது பார்வை திரும்பியிருந்தது. திரும்பியதிலிருந்து ரீச்சருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

"சந்நிதிக்கு நடக்கப் போறன், நீரும் வாருமன். வழியெல்லாம் பாக்கலாம்," என்று பராசக்தி கேட்டதும் உடனே ஓம் என்றுவிட்டார்.

பராசக்தி அதே பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பித்தவர். இருபத்தாறு வருடம் இருவருடைய கதிரைகளும் ஆசிரியர் அறையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அந்தச் சிநேகிதம் ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை.

கூட்டத்தை நடத்திப் போனவர் வெங்காயத் தோட்டக்காரர் கதிரவேலு. பாய், சட்டி பானை, மாற்றுடுப்பு எல்லாவற்றையும் அவருடைய லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஏற்றியாயிற்று. "கையிலை ஒரு சின்னப் பை மட்டும் வைச்சிருங்கோ. தண்ணியும் மருந்தும் காணும்," என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தார். இரண்டு ரீச்சர்மாரும் இருவருக்குமாக ஒரே பையைக் கொண்டுவந்தார்கள். முதுகில் மாட்டுகிற பை, சாம்பல் நிறம். மியூரியலின் மருமகன் கொடுத்தது. அதற்குள் ஒரு தண்ணீர்ப் போத்தல், குடை, துவாய், பராசக்தியின் பிறஷர் குளிசை, மியூரியலின் கண்மருந்து, ஒரு பக்கற் பிஸ்கற். ஒரு சந்திவரை ஒருவர், மற்றச் சந்திவரை மற்றவர் என்று முறை வைத்துச் சுமந்தார்கள். சுமக்கிறவரைவிடச் சும்மா வருகிறவர்தான் அடிக்கடி "பாரமே, தாருமன்" என்று கேட்டார்.

விடியப்புறம் நாலு மணிக்கு வெளிக்கிட்டார்கள். நீர்வேலியில் நிலம் வெளித்தது. வீதிக்கு இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம். ஈரச் செம்மண் வாசம் வந்தது. முட்டுக் கொடுத்த குலைகள் வீதிப்பக்கம் சாய்ந்து நின்றன. மியூரியல் ஒவ்வொரு தோட்டத்தடியிலும் நின்றார். ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தார், மற்றதைப் பொத்திப் பார்த்தார். வலக்கண்ணால் இலை நரம்புகூடத் தெரிந்தது.

"என்ன காணும், வாழையை இண்டைக்குத்தான் காணுறீரோ?" என்றார் பராசக்தி. சொன்னாரே தவிர அவரும் நின்று, மியூரியல் பார்த்து முடியும்வரை காத்திருந்தார்.

நிலாவரைக் கிணற்றடியில் எல்லோரும் தேத்தண்ணி குடிக்க இருந்தார்கள். பாறைக்கு நடுவே பச்சை நீர் அசையாமல் கிடந்தது. பராசக்தி எட்டிப் பார்த்துச் சொன்னார்: "இதுக்கை தேசிக்காய் போட்டால் அங்காலை கீரிமலைக் கேணியிலை மிதக்குமாம்."

"ஆர் போட்டுப் பாத்தது? இது சுண்ணாம்புக்கல் கரைஞ்சு உள்ளுக்குள்ளை இடிஞ்ச குழி. மேலை நல்ல தண்ணி, ஆழத்திலை உப்புத்தண்ணி."

"உம்மடை கதையும் நல்லாத்தான் இருக்கு. என்ரை கதையிலை தேசிக்காயும் கிடைக்குது," என்று சொல்லிவிட்டுப் பராசக்தி கால் கழுவக் குழாயடிக்குப் போனார்.

மியூரியலுக்குக் கண்ணில் உலர்வு. மருந்தை எடுக்கப் பையைத் துழாவினார். அடியில், துவாய்க்குக் கீழே, சிவப்புப் பட்டுத்துணியில் ஒரு சிறு முடிச்சு கையில் பட்டது. தன்னுடையது இல்லை. உள்ளே தகடு மாதிரி ஏதோ அசைந்தது. குளிசையாக்கும் என்று அவிழ்த்தார். வெள்ளித் தகட்டில் அடித்த இரண்டு கண்கள். புருவம்கூடக் கீறியிருந்தது.

பராசக்தி திரும்பி வந்தபோது அவை மியூரியலின் உள்ளங்கையில் இருந்தன.

"உதென்ன சக்தி?"

பராசக்தி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். துடைக்க அதிக நேரம் எடுத்தார். "நேர்த்தி. உமக்குக் கண் தெரிஞ்சால் நடந்து வந்து வெள்ளியிலை கண் வாங்கிப் போடுறன் எண்டு சந்நிதியானிட்டை கேட்டனான்."

"என்னட்டைக் கேட்டனீரோ?"

"கேட்டிருந்தால் வேண்டாம் எண்டிருப்பீர்."

"ஓம். எண்டிருப்பன்."

"அதுதான் கேக்கேல்லை."

மியூரியல் முடிச்சைப் பழையபடி கட்டிப் பைக்குள் வைத்தார். பையை முதுகில் மாட்டிக்கொண்டு முன்னே நடந்தார். பராசக்தியின் முறைதான் அது. ஆனால் அவரும் கேட்கவில்லை, மியூரியலும் கொடுக்கவில்லை. அச்சுவேலிவரை பை கைமாறவில்லை.

நடக்க நடக்க மியூரியலுக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஊரறிய அவருடைய சபை அவருக்காகச் செபித்தது. போதகர் வீட்டுக்கு வந்து கைவைத்துச் செபித்தார். அதற்கு மேல் இன்னொரு கடவுளிடம் என் கண்ணுக்குப் பேரம் பேசியிருக்கிறாள் இவள். கோபம் கொஞ்சத் தூரம் கூடவே வந்தது. பிறகு அந்தப் பத்து நாட்கள் நினைவுக்கு வந்தன. ஒப்பரேசன் முடிந்து பத்து நாள் இரவும் பகலும் குப்புறப் படுத்திருக்கச் சொன்னார்கள். முகத்தைத் திருப்பக் கூடாது. அந்தப் பத்து நாளில் மியூரியல் ஒருமுறைகூடச் செபிக்கவில்லை. அதற்குப் பிறகும் சொற்கள் வரவில்லை. யாருக்கும் இதைச் சொன்னதில்லை. பயம்தான் இருந்தது, தலையணையின் வெள்ளையைத் தவிர இனி ஒன்றும் தெரியாதோ என்ற பயம். கட்டில் பக்கத்தில் நிலத்தில் பாய் போட்டுக் கிடந்தது பராசக்தி. ஸ்ட்ரோ வைத்துக் கஞ்சி பருக்கியது, கழுத்தைப் பிடித்துவிட்டது, ஒருநாள் வேதப்புத்தகத்தை எடுத்துச் சங்கீதங்களைத் தேவார இராகத்தில் வாசித்தது எல்லாம் பராசக்தி. நான் கேட்க முடியாமல் கிடந்த நேரத்தில், தனக்குத் தெரிந்த இடத்தில் போய் எனக்காகக் கேட்டிருக்கிறாள் என்று மியூரியல் நினைத்தார். அதற்குப் பிறகு கோபத்தைத் தேடியும் கிடைக்கவில்லை.

திரும்பிப் பார்த்தார். பராசக்தி வெகுதூரம் பின்னால், குதிக்காலை ஊன்றாமல், விரல் நுனியில் நடந்து வந்துகொண்டிருந்தார். நேர்த்திக்காரர் செருப்புப் போடுவதில்லை. பத்து மணி வெயிலில் தார் கொதித்தது.

லாண்ட்மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றது. "ரீச்சர், காலிலை கொப்புளம் போட்டிருக்கு. ஏறுங்கோ, மிச்சத்துக்கு இதிலை போவம். முருகன் கோவிக்கமாட்டார்," என்றார் கதிரவேலு.

"முருகன் கோவிக்கமாட்டார் அண்ணை, எனக்குத்தான் மனம் கேக்காது. நீங்கள் போங்கோ."

"தனிய எப்பிடி விட்டிட்டுப் போறது?"

"தனிய இல்லை, நான் நிக்கிறன்," என்றார் மியூரியல்.

கூட்டம் போய்விட்டது. பராசக்தியை வீதியோர மதகுக் கட்டில் இருத்தி மியூரியல் காலைப் பார்த்தார். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம், ஒன்று உடைந்திருந்தது. துவாயைக் கிழித்து நனைத்துக் கட்டினார். குடையை விரித்துப் பராசக்தியிடம் கொடுத்தார். பிறகு தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, முன்னால் போய், தார் வீதியில் ஓரமாகத் தண்ணீரை ஊற்றினார். ஒரு கோடு மாதிரி, அடி வைக்கிற அகலத்துக்கு.

"என்ன வேலை பாக்கிறீர்? குடிக்கிற தண்ணியை!"

"தண்ணி காயிறதுக்கு முதல் காலை வையும். கதையாமல் நடவும்."

பராசக்தி நடந்தார். தண்ணீர் முடிந்ததும் மியூரியல் பக்கத்து வீட்டுப் படலையைத் தட்டிப் போத்தலை நிரப்பினார். நாலாவது வீட்டில் ஒரு பெண் விஷயத்தைக் கேட்டுவிட்டு வாளியோடு வெளியே வந்து, தன் வேலி முடியும்வரை தானே ஊற்றிக்கொண்டு வந்தார்.

"அம்மாவுக்கு நேர்த்தியோ?" என்று அந்தப் பெண் மியூரியலிடம் கேட்டார்.

"ஓம். என்ரை கண்ணுக்கு," என்றார் மியூரியல்.

பராசக்தி குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

சந்நிதிக்கு வந்து சேர ஒரு மணியாகிவிட்டது. மத்தியானப் பூசை முடிந்து அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. சோறும் பூசணிக்காய்க் கறியும் சாப்பிட்டார்கள். பின்னேரப் பூசைவரை நேரம் கிடந்தது. மெல்லத் தொண்டைமானாற்றங்கரைக்குப் போய்ப் பராசக்தி காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு இருந்தார். மியூரியல் பக்கத்தில் நின்று, கடலும் ஏரியும் கலக்காமல் எப்படி அணை கட்டித் தடுத்திருக்கிறார்கள் என்பதைக் கைகாட்டி விளக்கினார். முப்பத்தொரு வருடம் நீலக்கோடாகக் கீறியது இப்போது அகலமாக, வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது.

"இடக்கண்ணைப் பொத்தும்," என்றார் பராசக்தி திடீரென்று. "அங்காலை கொக்கு நிக்குது. எத்தினை?"

மியூரியல் வலக்கண்ணால் எண்ணினார். "ஏழு."

"பிழை. நாலுதான்."

"ஏழு, சக்தி. மூண்டு கண்டல் பத்தைக்கு முன்னாலை நிக்குது. வடிவாத் தெரியுதே."

பராசக்தி கண்ணைச் சுருக்கினார், கையால் வெயிலை மறைத்தார், தலையைச் சரித்தார். மியூரியல் கொக்கை விட்டு அவரைப் பார்த்தார்.

"எவ்வளவு காலமாய் இப்பிடி?"

"என்ன இப்பிடி? வயசு போனால் கொஞ்சம் புகையாத்தான் தெரியும்."

"பஸ் நம்பர் தெரியுதோ?"

"கொண்டக்டர் கூப்பிடுவார்தானே."

மியூரியலுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. தன் கண்ணைத் தவிர வேறொன்றையும் பற்றி யோசிக்காமல் நாலு மாதம் திரிந்திருக்கிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது. "வியாழக்கிழமை கிளினிக். நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்," என்றார். பராசக்தி மறுத்துப் பேச வாயெடுத்தார். கோயில் மணி அடித்தது. எழும்பிப் போனார்கள்.

அந்தக் கோயில் வழக்கப்படி பூசகர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்தார். வேதம் ஓதுகிற சத்தம் இல்லை. மணிச் சத்தமும் கற்பூர வெளிச்சமும்தான். பராசக்தி முடிச்சை அவிழ்த்து வெள்ளிக் கண்களை எடுத்தார். உண்டியலுக்குப் போகாமல் தயங்கி நின்றார். கண்ணுக்குரியவர் கண்ணில் ஒற்றிப் போடுவது வழக்கம். கேட்க அவருக்குத் துணிவில்லை.

மியூரியலே குனிந்து முகத்தைக் கொடுத்தார். வெள்ளி குளிர்ச்சியாக இமையில் பட்டது. கண்ணை மூடியபடி மியூரியல் தன் ஆண்டவரிடம் செபித்தார். நாலு மாதத்துக்குப் பிறகு சொற்கள் தாமாகவே வந்தன.

வியாழக்கிழமை கிளினிக்கில் பராசக்திக்கு இரண்டு கண்ணிலும் புரை என்று சொன்னார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஒவ்வொன்றாக எடுக்கலாம், அடுத்த மாதம் முதல் கண் என்று நாள் குறித்தார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் பராசக்தி கடதாசியை மடித்து மடித்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கண்ணும் முடிய எங்கை போவம்?" என்று கேட்டார் மியூரியல்.

"மணற்காட்டுக்குப் போவமே? நீர் பாக்கேல்லை எண்டு சொன்ன இடம்தானே. இப்ப போனால் எனக்கு வெறும் மணல் மட்டும்தான் தெரியும்."

"சக்தி, அங்கை வெறும் மணல் மட்டும்தான் இருக்கு."

இருவரும் சிரித்த சிரிப்பில் முன் சீற்றில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.