ஒரு வேலையா

வரிசை நகரவே இல்லை. லிஃப்ட் மெக்கானிக் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தான். தோளில் தொங்கிய கருவிப் பை ஒவ்வொரு முறையும் இடுப்பில் இடித்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்த கதவு திறக்கும்போதெல்லாம் பக்கத்து நாட்டின் சாலை கொஞ்சம் தெரிந்து மறைந்தது. அந்தச் சாலையில் ஒரு பஸ் நிற்கும். அது போய்ச் சேரும் ஊரில் அவன் மகள் இருந்தாள்.

மனைவி அந்த நாட்டுக்காரி. பிரிந்ததும் குழந்தையை அழைத்துக்கொண்டு தன் ஊருக்கே போய்விட்டாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவன் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கோர்ட்டில் முடிவாகியிருந்தது. போன வாரம் மகள் போனில் சொன்னாள்: "அப்பா, என் ரூம் கதவைச் சாத்தினா தானாத் திறந்துக்குது. நீ லிஃப்டுக் கதவையே சரி பண்றே இல்ல, வந்து பாரு." பையைத் தூக்கிக்கொண்டு வந்தது அதற்காகத்தான்.

பின்னால் நின்ற துணி வியாபாரி அம்மாள் அவன் தோளைத் தட்டினாள்.

"தம்பி, கொஞ்சம் ஆடாம நில்லுங்க. உங்களைப் பார்த்துக்கிட்டே இருந்ததுல எனக்குத் தலை சுத்துது."

"பஸ் போயிடுமோன்னு இருக்குக்கா."

"அது எங்க போகப் போகுது. டிரைவரும் நம்மள மாதிரி எங்கேயாவது வரிசையிலதான் நிப்பான்."

அவன் முறை வந்தது. அதிகாரி அவன் முகத்தையும் பாஸ்போர்ட்டையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். எந்த ஊருக்கு என்று கேட்டாள். சொன்னான்.

"என்ன விஷயமா?"

"ஒரு சின்ன வேலை இருக்கு மேடம்."

அவள் விரல்கள் அதைத் தட்டச்சு செய்து முடித்த பிறகுதான் நின்றன. தலையை நிமிர்த்தி அவன் தோளைப் பார்த்தாள்.

"பையில என்ன?"

திறந்து காட்டினான். ஸ்க்ரூடிரைவர்கள், ஸ்பேனர், எண்ணெய்க் குப்பி, பழைய துணி.

"சொந்தக்காரங்களைப் பார்க்கத்தான் உங்களுக்கு அனுமதி. அங்க போய் வேலை செய்யக் கூடாது. தெரியுமில்ல?"

"அந்த வேலை இல்ல மேடம். வேலைன்னா, அது வந்து... வேலைதான். ஆனா வேலை இல்ல."

துணி வியாபாரி அம்மாள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என் பொண்ணு ரூம் கதவு மேடம். கூலியா வாங்கப் போறேன்?"

"கூலி வாங்காம செஞ்சாலும் சட்டத்துல அது வேலைதான். நீங்க வாயால சொன்னதை நான் பதிஞ்சாச்சு. இப்படியே திருப்பி அனுப்பினா அடுத்து ஒரு வருஷத்துக்கு உள்ள விட மாட்டாங்க."

ஒரு வருஷம். குழந்தை அழுவாளோ என்பதல்ல அவன் பயம். அழுது முடித்து, சனிக்கிழமைகளில் வேறு எதற்காவது பழகிக்கொள்வாள். அதுதான் பயம்.

"மேடம், நாமெல்லாம் அப்படித்தானே பேசறோம்," என்றாள் துணி வியாபாரி அம்மாள். "பொண்ணு பார்க்க வந்தாலும் ஒரு வேலையா வந்தேன்னுதான் சொல்வோம். இவர் ஒரு வெள்ளந்தி."

"உங்க முறை வரும்போது நீங்க பேசுங்கம்மா."

அதிகாரி பாஸ்போர்ட்டை மூடி மேஜைமேல் வைத்தாள். பிறகு, கொஞ்சம் இறங்கிய குரலில் கேட்டாள்: "அங்க உங்களுக்கு யாரு? அவங்க சொன்னா நான் இதைத் திருத்தலாம்."

அங்கே அவனுக்காகச் சொல்ல இருந்தது ஒரே ஆள்தான், பிரிந்துபோன மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவள் எங்கே கூப்பிட்டாலும் அவன் சொன்ன பதிலும் ஒன்றுதான்: வேலை இருக்கு. அந்த வார்த்தையை அவன் குரலிலேயே சொல்லிக் காட்ட அவளுக்குத் தெரியும். இப்போது அவள் வெறுமனே "ஆமா, வேலைக்குத்தான் வர்றார்" என்று சொன்னால் போதும். எல்லாம் முடிந்துவிடும்.

எண்ணைச் சொன்னான்.

"நடுவுல நீங்க வாயைத் திறக்கக் கூடாது," என்று சொல்லி அதிகாரி ஸ்பீக்கரைப் போட்டாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்ததும் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதிகாரி தான் யார், எங்கிருந்து பேசுகிறாள் என்று சொன்னாள்.

"யாரு, பாப்பாவோட அப்பாவா? என்ன ஆச்சு அவருக்கு?"

"ஒண்ணும் ஆகல. இங்கதான் இருக்கார். உங்க ஊருக்கு அவர் என்ன வேலையா..." அதிகாரி நிறுத்திக்கொண்டாள். அவள் காது மடல் சிவந்தது. "எதுக்காக வர்றார்?"

"ஏன், அவர் என்ன சொன்னார்?"

"வேலை இருக்குன்னு சொன்னார்."

குழாய்ச் சத்தம் நின்றது. வரிசையில் நின்ற எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் பையின் ஜிப்பை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான். லைன் போய்விட்டதோ என்று அதிகாரி போனைப் பார்த்தாள்.

"வேலையா?" என்றது குரல், நிதானமாக. "மேடம், அவருக்கு வேலைன்னு ஒண்ணு இருந்திருந்தா இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுத்திருக்க மாட்டார். என்னைக் கேளுங்க. வேத்தாள் யாரும் சொல்ல வேண்டியதில்ல."

யாரோ பின்னால் உரக்கச் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் திரையில் அந்த வரியை அழித்தாள்.

"அப்ப மகளைப் பார்க்கத்தான்னு போட்டுக்கறேன்."

"போட்டுக்கங்க. அவ வாசல்லயே உட்கார்ந்திருக்கா."

எந்த வேலையும் செய்வதில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். பையை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பும்போது எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். துணி வியாபாரி அம்மாள் கிளம்பியவனின் காதில், "வீட்டுக்காரம்மா வாயாலதான் தம்பி உங்களுக்கு விசா," என்றாள்.

பஸ்ஸில் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்தான், முன் கம்பியைப் பிடித்தான், ஜன்னலின் தளர்ந்த ரப்பரை உள்ளே அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான். இதுவும் வேலையில் சேருமோ என்று தோன்றியது. மனைவி போனில் சொன்னது காதிலேயே இருந்தது. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. உண்மையாக இருந்ததால்தான் அவனை உள்ளே விட்டார்கள்.

மகள் ஓடிவந்து முதலில் அவன் தோளைத்தான் பார்த்தாள்.

"பை எங்கப்பா?"

"பார்டர்ல வாங்கி வச்சுக்கிட்டாங்க."

அவள் விடவில்லை. கையைப் பிடித்து அறைக்கு இழுத்துப் போனாள். கதவை அவன் விரலால் தொட்டதுமே தெரிந்துவிட்டது. மேல் கீலில் ஒரு திருகு தளர்ந்திருந்தது. கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடலாம். மகள் சமையலறைக்கு ஓடி ஒரு ஸ்பூனோடு வந்தாள்.

"இதோட காம்பை வச்சு முடுக்கலாம்."

வாங்கினான். காம்பு திருகின் பள்ளத்தில் சரியாகப் பொருந்தியது.

"அதைக் கீழ வைங்க." மனைவி கூடத்தில் நின்றிருந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "வேலை இல்லைன்னு நான் வாக்குக் கொடுத்திருக்கேன்."

ஸ்பூனை அவளிடமே கொடுத்தான். அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மகள் கதவைச் சாத்தி, அது திறந்துகொள்ளாமலிருக்க முதுகை வைத்து அதன்மேல் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினாள். அவனும் சாய்ந்து உட்கார்ந்தான். அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். கேட்டுக்கொண்டே இருந்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும், மடியில், இல்லாத ஒரு திருகை முடுக்கிக்கொண்டே இருந்தன.