செயினில் ஒட்டிய மாவு

எனக்கு ஒரு சைக்கிள் வாங்குவதற்காக என் கணவரும் அவர் தம்பியும் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பி இருவருமே காரில் வேலைக்குப் போகிறவர்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். என் வயிற்றெரிச்சல் உங்களுக்கும் புரிய வேண்டாமா?

ரொட்டிக் கடையில் எனக்கு மாஸ்டர் வேலை வருகிற மாதிரி இருந்தது. எத்தனையோ வருஷம் அடுத்தவர் சொல்லச் சொல்ல மாவு பிசைந்தவள் நான். முந்தின நாள் பிசைந்து வைத்த மாவு விடிவதற்குள் பொங்கி நிற்கும். அந்த நேரத்துக்குப் போய் அமுக்கி உருட்டாவிட்டால் புளித்து வழிந்துவிடும், மொத்தமும் குப்பைக்குத்தான்.

"மழைக்காலம் முடியட்டும், பாக்கலாம். ஒரு நாள் மாவு வீணானாலும் மாஸ்டர் வேலையைப் பன் போடறவருக்குக் குடுத்துடுவேன். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது" என்று சாவியை என் கையில் கொடுத்தார் முதலாளியம்மா.

அந்த நேரத்தில் பஸ் கிடையாது. வீட்டில் கார் இருக்கிறதே என்பீர்கள். என் கணவர் தூக்கம் கெட்டால் அன்றைக்கு வீடே ரெண்டுபடும்.

சைக்கிள் கடையில் இரண்டு வண்டிகளை ஓட்டிப் பார்த்தேன். ஒன்று ஹப் கியர். கியர் எல்லாம் பின் சக்கரத்தின் நடுவே உள்ளுக்குள் மூடிக் கிடக்கும், செயினுக்கும் உறை உண்டு. நின்ற இடத்திலேயே கைப்பிடியைத் திருகினால் மிதிக்க இலேசாகிவிடும். மற்றது டீரெய்லர். பல்சக்கரங்கள் அடுக்கடுக்காக வெளியே தெரியும், செயின் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். பெடல் சுற்றிக்கொண்டிருந்தால்தான் தாவும்.

"எனக்கு ஹப் கியரே போதுங்க" என்றேன் அன்று வீட்டில். "வண்டியை மாவு மூட்டைக்குப் பக்கத்துலதான் நிறுத்தணும், வெளிய விட்டா திருட்டுப் போயிடும். எண்ணெய்ச் செயின்ல மாவு ஒட்டினா பசையாயிடும். மேடு ஏறுற இடத்துல சிக்னல் வேற."

"உனக்கு என்ன தெரியும்? ஹப் கியர்ல மிதிக்கிற மிதியில கொஞ்சம் உள்ளயே வீணாப் போகுது. கனம் வேற. டீரெய்லர்னா பறக்கும்!" என்றார் என் கணவர்.

"அண்ணி சொல்றதும் நியாயம்தானேண்ணே" என்றான் கொழுந்தன். அவ்வளவுதான், இரண்டு பேரும் எந்தச் சக்கரத்துக்கு எத்தனை பல் என்ற கணக்கில் இறங்கிவிட்டார்கள். நான் கரடியாய்க் கத்தினேன். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

நான் வேலையில் இருந்த நேரம் பார்த்து, என் சேமிப்பில், டீரெய்லர் வண்டியை வாங்கி வந்துவிட்டார்.

"பாத்தியா, எவ்வளவு இலேசு!" என்று ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார். தூக்கிக்கொண்டா நான் வேலைக்குப் போகப் போகிறேன்? மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றால், "கடைக்காரன் முன்னாடி என் மானத்தை வாங்காதே" என்றார்.

சும்மா சொல்லக்கூடாது, வெயில் இருந்த வரை பறக்கத்தான் செய்தது. மழை பிடித்ததும் செயினில் ஈர மாவு அப்பிக்கொண்டது. துணியால் துடைப்பேன், மறுநாள் மறுபடி அப்பியிருக்கும். உருட்டின மாவை விட வழித்தெடுத்த மாவு அதிகம்.

ஒரு நாள் நல்ல மழை. மேட்டை ஏறலாம் என்று வேகமாக வந்தேன், சிக்னல் சிவப்பாகிவிட்டது. பிரேக் பிடித்த அவசரத்தில் கியரைக் குறைக்க நேரமில்லை. பச்சை விழுந்ததும் எழுந்து நின்று மிதித்தபடியே கியரை மாற்றினேன். கடகடவென்று ஒரு சத்தம். செயின் பல்சக்கரத்தைத் தாண்டிப் பின் சக்கரத்தின் கம்பிகளுக்குள் விழுந்து இறுகிக்கொண்டது. மழையில் உட்கார்ந்து இழுக்கிறேன், விரல்தான் கிழிகிறது. பின் சக்கரம் சுற்றவே மாட்டேன் என்றது. அந்தப் பாழாய்ப்போன வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டே மேடு முழுக்க ஏறினேன். நல்ல இலேசு.

கதவைத் திறக்கும்போதே புளிப்பு நாற்றம். தொட்டியிலிருந்து மாவு வழிந்து தரையில் கிடந்தது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். விடிந்ததும் முதலாளியம்மா வந்தார். கையை நீட்டினார், சாவியைக் கொடுத்தேன்.

"தினமும் துடைன்னு சொன்னேனா இல்லையா? நல்ல வண்டியை வெச்சுக்கத் தெரியலையே" என்றார் என் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தபோது அவர் செயினைப் பளபளவென்று கழுவி முடித்து, சீட்டைத் தன் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் இனிமேல் கடையில் மத்தியானம் தட்டு கழுவுகிற வேலையாம், பஸ் இருக்கிறதாம், வண்டி சும்மாதானே கிடக்கிறதாம்.

"பாவம் அண்ணி. ஹப் கியரே வாங்கியிருக்கலாம்ணே" என்றான் கொழுந்தன்.

"வாங்கிக் குடுத்திருப்பேன்டா. இவ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாளா, கேளு."

கொழுந்தனைப் பார்த்தேன். அன்றைக்கு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டவன் அவன் ஒருவன்தான். அவன் அண்ணனைப் பார்த்தான், சைக்கிளைப் பார்த்தான், அப்புறம் என்னிடம் திரும்பினான்.

"சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றான்.