ஹெனிக்கின் வாயும் கீயோனின் காதும்

வால்ட் ஹெனிக்கின் வாயை அடைக்க வேண்டுமானால் ஒரு பிடி சூரியகாந்தி விதையைத்தான் உள்ளே போட வேண்டும் என்று டொலிடோவின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஒரு பேச்சு உண்டு. அதுவும் பலிக்காது. விதையை மென்று, தோலைத் துப்பிக்கொண்டே மனுஷன் பேசுவார். இருபது வருஷத்துக்கு மேலாக லைன்பேக்கர்களுக்கு, அதாவது தடுப்பாட்டத்தின் இரண்டாம் வரிசைக்காரர்களுக்கு, பயிற்சி கொடுக்கிறவர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அப்படிப் பிழைத்த பிள்ளை.

அந்த ஆகஸ்ட் சனிக்கிழமை அவருக்கு நாக்கு உலர்ந்துபோயிருந்தது. பருவம் தொடங்கும் முன் ஆடுகிற பயிற்சி ஆட்டங்களில் அதுதான் கடைசி, மெம்ஃபிஸ் அணியோடு. மறுநாள் அணியை வெட்டிச் சுருக்கியாக வேண்டும். லைன்பேக்கர்களில் மிச்சம் இருந்தது ஒரே இடம், ஆள் இரண்டு. ஒருவன் டோபின் ரீஸ், பழம் தின்று கொட்டை போட்டவன், முட்டி இரண்டும் தேய்ந்துபோனவன். இன்னொருவன் கீயோன் பிரசார்ட், லூசியானாக்காரன், தொழிலுக்கு வந்து இது இரண்டாவது வருஷம்.

கீயோனைக் கூட்டிக்கொண்டு வந்ததே ஹெனிக்தான். போன வருஷம் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் அறையில் மேஜையைத் தட்டி, "இவன் தேறலைன்னா என்னையும் சேர்த்து வெளிய அனுப்புங்க" என்று சொன்னவர் அவர். அணியின் மேலாளர் லினெட் கார்வர் எதையும் மறக்கிற பெண்மணி இல்லை. அன்று காலை காப்பிக் கோப்பையோடு வந்து நின்றார்.

"வால்ட், பையன் ஓடினா குதிரை மாதிரி ஓடறான். ஆனா எல்லா இடத்துக்கும் அரை எட்டு லேட்டா வந்து சேர்றான். ஏன்?"

"பழகிடுவான்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க. சாயங்காலம் ஆட்டம் முடிஞ்சதும் எனக்கு ஒரு பேர் சொல்லுங்க. ஒரே ஒரு பேர்."

லைன்பேக்கர் வேலையே அந்த அரை எட்டில்தான் இருக்கிறது. முன்வரிசையில் யானைகள் மோதிக்கொள்ளும். அவற்றுக்குப் பின்னால் நிற்கிறவன் பந்து எந்த வழியாக வரும் என்று மோப்பம் பிடித்து, வருமுன்பே அங்கே போய் நிற்க வேண்டும். வந்தபின் போனால் எதிரி போன தடத்தைத்தான் பார்க்கலாம். கல்லூரியில் ஆடியபோது கீயோனுக்கு அந்த மூக்கு இருந்தது. ஹெனிக் கண்ணாரப் பார்த்தார். டொலிடோவுக்கு வந்த பிறகு அது எங்கே போய்த் தொலைந்தது என்று அவருக்கும் விளங்கவில்லை. பையன் சோம்பேறியா என்றால் இல்லை. சொன்ன சொல் தட்டாத பிள்ளை. "சரிங்க கோச்" தவிர அவன் வாயில் வேறு பேச்சு வந்ததில்லை.

முதல் பாதியை ரீஸ் ஆடினான். முட்டி முனகினாலும் ஒரு தப்பும் செய்யவில்லை. மூன்றாம் கால்பகுதியில் கீயோன் இறங்கினான், தலைக்கவசத்தின் பின்னால் பச்சைப் பொட்டோடு. அந்தப் பொட்டு வைத்தவனின் கவசத்துக்குள்தான் ரேடியோ இருக்கும்; ஓரத்தில் நிற்கிற கோச் பேசுவது அவன் காதில் விழும். பந்து கிளம்புகிற ஒவ்வொரு முறைக்கும் வகுக்கிற வியூகத்தின் பெயரை வாங்கி மற்றவர்களுக்குச் சொல்லும் பொறுப்பும் அவனுடையதே. பந்து கிளம்பப் பதினைந்து நொடி இருக்கும்போது ரேடியோ தானாக அடைத்துக்கொள்ளும். ஹெனிக்கின் வாயை அடைக்க ஆண்டவன் கண்டுபிடித்த ஒரே கருவி அதுதான் என்று ரீஸ் கிண்டல் செய்வான்.

"டென்வர் இரண்டு" என்று ஹெனிக் வியூகத்தின் பெயரைக் கத்தினார். பிறகு வழக்கம்போலக் குரலைத் தாழ்த்தி ஆரம்பித்தார். "டேய் கீயோன், அவங்க முன்வரிசையில நிக்கற அந்த இடது கார்டு காலைப் பாரு. ஓட்டக்காரன் தோளைப் பாரு. போன வாரம் என்ன பண்ணினே, ஞாபகம் இருக்கா, அதைப் பண்ணாதே. இடைவெளியை விட்டுடாதே. அவசரப்படாதே. ஆனா லேட்டும் பண்ணிடாதே..."

பந்து கிளம்பியது. கீயோன் ஒரு கணம் மண்ணில் நட்ட கம்பம் போல நின்றான். பிறகு பாய்ந்தான். மெம்ஃபிஸ் ஓட்டக்காரன் அவன் விரல் நுனியைத் தாண்டிப் போயிருந்தான்.

அடுத்ததிலும் அதே கதை. அதற்கடுத்ததிலும். மேலே கண்ணாடி அறையில் கார்வர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மெம்ஃபிஸ் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்ததும் ஹெனிக் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி இருக்கு. ஒரு வார்த்தையாவது காதுல வாங்கறானா பாரு."

பெஞ்சில் முட்டிமேல் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ரீஸ் சிரித்துவிட்டான். "அவனை ஏன் கோச் திட்டறீங்க? பாவம், நீங்க பேசறதைக் கேக்கற ஒரே பிறவி அவன்தான்."

"ஒரே பிறவின்னா?"

ரீஸின் சிரிப்பு நின்றது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அது தனக்குத்தான் என்று அந்தக் கணமே அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். ஐஸ் பையை இந்த முட்டியிலிருந்து அந்த முட்டிக்கு மாற்றினான்.

"ஒண்ணுமில்ல கோச். சும்மா சொன்னேன்."

"ரீஸ், என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. ஒரே பிறவின்னா என்னடா அர்த்தம்?"

ரீஸ் பெஞ்சுக்கு அடியிலிருந்து தன் கவசத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினான். உள்ளே காதுப்பக்கம் ஒலிபெருக்கி இருக்கும் இடத்தில், கணுக்காலில் சுற்றுகிற வெள்ளை டேப் அடுக்கடுக்காக ஒட்டியிருந்தது.

"வியூகத்துப் பேரை நீங்க கத்திச் சொல்வீங்க. அது டேப்பைத் தாண்டி உள்ள வந்துடும். அப்புறம் கீழ்க்குரல்ல ஒண்ணு ஆரம்பிப்பீங்க பாருங்க, காலைப் பாரு, தோளைப் பாருன்னு. அது வராது. கொசு ரீங்காரம் மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

"நீ மட்டுமா?"

"எனக்கு கோர்டெல்தான் ஒட்டி விட்டான். அவனுக்கு யாரு ஒட்டினாங்களோ."

கோர்டெல் என்றால் ஹெனிக் வளர்த்ததிலேயே பெரிய ஆள். அவன் படம் அவருடைய அறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. "நான் சொன்னதுல ஒரு வார்த்தையை இவன் விட்டதில்ல" என்று அந்தப் படத்தைக் காட்டி அவர் புதுப் பையன்களுக்குச் சொல்லாத வருஷம் கிடையாது. கோர்டெல் ஒரு வார்த்தையைத்தான் கேட்டிருக்கிறான். மிச்சத்தையெல்லாம் டேப் கேட்டிருக்கிறது.

ஹெனிக்குக்குக் காது இரண்டும் சூடேறின. அழுகை வரும்போல இருந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். "அப்போ இந்தப் பையனுக்கு மட்டும் ஏன்டா யாரும் ஒட்டி விடலை?"

"என் இடத்துக்கு வந்தவன் கோச் அவன்" என்றான் ரீஸ். "நானே போய் ஒட்டி விடணுமா?"

நான்காம் கால்பகுதி தொடங்கியது. ஹெனிக் ரேடியோப் பொத்தானை அழுத்தினார். "டென்வர் இரண்டு." பொத்தானை விட்டார். பேசாமல் இருந்து பையன் சொதப்பினால் பையனோடு அவரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பேசாமல் இருந்து பையன் ஜெயித்துவிட்டாலோ, இத்தனை வருஷமாகத் தான் ஊதியது என்ன என்று அவரே தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். எப்படிப் பார்த்தாலும் அவருக்கு அடிதான்.

மைதானத்தில் கீயோன் காத்திருந்தான். குரல் வரவில்லை. கவசத்தைக் கையால் தட்டினான், இன்னொரு முறை தட்டினான். ஓரத்தைத் திரும்பிப் பார்த்து, கேட்கவில்லை என்று காதைத் தொட்டுக் காட்டினான். அவன் கண்ணில் இருந்த பயம் அத்தனை தூரத்திலும் ஹெனிக்குக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை, தைரியமா இருடா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு உதடு துடித்தது. இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஆட்கள் அவருக்கு நெஞ்சுவலியோ என்று பார்த்தார்கள்.

பந்து கிளம்பியது. கீயோன் இந்த முறை நிற்கவில்லை. கிளம்பிய கணமே பாய்ந்தான், ஆனால் தப்பான பக்கம். அவன் விட்டுப்போன வெளியில் மெம்ஃபிஸ்காரன் காலாற ஓடினான்.

ஹெட்போனில் கார்வரின் குரல் வந்தது. "வால்ட், உங்க லைன் கட் ஆயிடுச்சா?"

"இல்ல மேடம்."

"பின்ன ஏன் பேசலை? பையன் அங்க திருதிருன்னு முழிக்கறான்."

"வாயை மூடிட்டேன்."

"நீங்களா?" கார்வரால் நம்ப முடியவில்லை. "இன்னும் ஒரு தரம் இப்படி நடந்தா என் முடிவை நான் எடுத்துடுவேன். அப்புறம் உங்ககிட்ட பேர் கேக்க மாட்டேன்."

தப்பான பக்கம்தான். ஆனால் உடனே பாய்ந்தான் என்பதை ஹெனிக் பார்த்திருந்தார். கண் சொன்னதைக் கால் கேட்டது. கண் சொன்னது இந்த முறை தப்பு, அவ்வளவே. ஆனாலும் மேலே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவருக்கு அதை யார் எடுத்துச் சொல்வது? சொல்வதற்கும் வாய் வேண்டுமே.

"டென்வர் இரண்டு." பொத்தானை விட்டார்.

கீயோன் இந்த முறை ஓரத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, எதிரே மெம்ஃபிஸ் முன்வரிசையில் இடது கார்டாக நின்றவனைப் பார்த்தான். அந்தத் தடியன் எப்போதும் கையை மண்ணில் அழுத்தி ஊன்றி நிற்கிறவன். இப்போது பாரத்தைக் குதிகாலில் வைத்து லேசாக உட்கார்ந்திருந்தான். முட்டி மோத வருகிற எவனும் அப்படி உட்கார மாட்டான். வேண்டுமென்றே வழிவிட்டு, டொலிடோ ஆட்களைத் தங்கள் பக்கம் இழுத்துவிட்டு, அவர்கள் தலைக்கு மேலாகப் பந்தை ஓரத்து ஓட்டக்காரனுக்குத் தூக்கிப் போடுகிற தந்திரம் அது. ஹெனிக்கும் பார்த்துவிட்டார். கட்டைவிரல் தானாகப் பொத்தான்மேல் போனது. கடிகாரத்தில் இன்னும் நேரம் இருந்தது, ரேடியோ திறந்திருந்தது. சொன்னால் பையன் பிழைத்துவிடுவான். ஆனால் நாளைக்கும் அவர் சொல்ல வேண்டியிருக்கும், அடுத்த வருஷமும் சொல்ல வேண்டியிருக்கும். விரலை எடுத்து உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

ரேடியோ அடைத்துக்கொண்டது.

பந்து கிளம்பியது. டொலிடோ முன்வரிசை முழுக்க ஏமாந்து உள்ளே ஓடியது. கீயோன் ஒருவன் மட்டும் உள்ளே போகவில்லை. ஓரத்தை நோக்கிக் குறுக்கே வெட்டிப் பாய்ந்தான். பந்து இன்னும் காற்றில் இருந்தது. அது ஓட்டக்காரன் கைக்கு வந்த நொடியில் கீயோனின் தோள் அவன் விலாவுக்கு வந்தது. விழுந்த சத்தம் பெஞ்சு வரைக்கும் கேட்டது. பாதி காலியாகக் கிடந்த அரங்கம் எழுந்து நின்றது.

அதன்பிறகு ஆட்டம் முடியும்வரை ஹெனிக் வியூகத்தின் பெயரைத் தவிர எதுவும் சொல்லவில்லை. பையன் ஒரு இடத்தில் மறுபடி தப்பு செய்தான். மற்றபடி பந்து போன இடத்திலெல்லாம் அவன் முன்கூட்டியே நின்றான். கல்லூரியில் பார்த்த மூக்கு எங்கும் போகவில்லை. ஹெனிக்தான் அதைப் பொத்திவைத்திருந்தார்.

"யாரு பேரைச் சொல்றீங்க?" என்று கார்வர் ஹெட்போனில் கேட்டார்.

"கீயோன்."

"நீங்க வாயை மூடினா ஆடறான். அப்போ இவ்வளவு நாளா நீங்க என்னதான் பண்ணிட்டிருந்தீங்க வால்ட்?"

"கெடுத்துட்டிருந்தேன் மேடம்."

அவர் சிரிப்பார் என்று ஹெனிக் எதிர்பார்த்தார். கார்வர் சிரிக்கவில்லை. "பையன் இருக்கட்டும். உங்களைப் பத்தி பருவம் முடிஞ்சு பேசலாம்" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தார்.

கீயோன் வேர்த்து ஊற்ற ஓடி வந்தான். "மன்னிச்சுடுங்க கோச், ரேடியோ ரிப்பேர். நீங்க சொன்னது எதுவும் எனக்குக் கேக்கவே இல்ல."

"ரிப்பேர்தான்டா" என்றார் ஹெனிக். "இனிமே அது அப்படியேதான் இருக்கும். நீ பாட்டுக்கு ஆடு."

மறுநாள் காலை. வெட்டப்பட்டவனைக் கூப்பிட்டு வர அணியில் தனியாக ஒரு ஆள் உண்டு. வியூகங்கள் இருக்கும் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு மேலே வா என்று வந்து சொல்வான். அவன் நிழலைக் கண்டாலே ஆட்டக்காரர்கள் கழிப்பறைக்குள் ஒளிந்துகொள்வார்கள். அவனை ஹெனிக் வாசலிலேயே நிறுத்திவிட்டு, தானே உள்ளே போனார்.

ரீஸ் தன் அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தான். ஹெனிக்கைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. "டேப்லெட் எடுத்துட்டு வரணுமா கோச்?"

ஹெனிக் ஆமென்று தலையை ஆட்டினார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். நீ வாயை விடாமல் இருந்திருந்தால் அந்த இடம் உனக்குத்தான் என்று சொல்ல வேண்டும். நீ செய்தது பெரிய காரியம் என்று சொல்ல வேண்டும். அவன் முட்டியைப் பற்றி, அவன் பிள்ளைகளைப் பற்றி, இனி என்ன வேலை பார்க்கலாம் என்பதைப் பற்றி. வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ரீஸ் கவசத்தை மடியில் வைத்து, உள்ளே ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் நெருடி மெதுவாக உரித்துக்கொண்டிருந்தான். பழைய பசை, லேசில் வரவில்லை. கடைசித் துண்டையும் உரித்துச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டான்.

"இன்னிக்குப் பேசுங்க கோச்" என்றான். "எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசுங்க. இன்னிக்கு நான் கேக்கறேன்."

ஹெனிக் அவன் தோளில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ரீஸ் காத்துக்கொண்டிருந்தான்.