படைத்த கிண்ணம்

முன்னோருக்குப் படைக்கிற சூசோக் அறுவடைப் பண்டிகைக் காலையில் பில்சுன் புருஷனின் சமாதி மேட்டுக்கு முன்னால் பாயை விரித்து, பேரிக்காய், அரிசிக் கொழுக்கட்டை, கருவாடு எல்லாம் அடுக்கிவிட்டு, கடைசியாகக் கூடையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். ஹாதொங் மலைச்சரிவில் பாறைக்கும் தேயிலைக்கும் போக மிஞ்சின இடம்தான் செத்தவர்களுக்கு. சமாதியைச் சுற்றிலும் தேயிலைச் செடிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்திருந்தன.

கொழுந்தன் தொக்பே பிளாஸ்க்கை முறைத்தான். "என்ன அண்ணி இது?"

"டீ. இந்தத் தடவை சாராயம் வேண்டாம் தம்பி. அந்தக் காலத்துல டீதான் படைச்சாங்க."

"அது நீங்க தோட்டம் பாக்க வர்ற சியோல்காரங்களுக்குச் சொல்ற கதை. எங்கிட்டயுமா? டீ படைக்க அண்ணன் என்ன மடத்துச் சாமியாரா?"

அவன் சொன்னதும் நிஜம்தான். வசந்தம் வந்தால் காய்கிற இரும்புச் சட்டியில் கைவிட்டு இலை வறுத்த புருஷன், ஒரு வாய் தேநீர் குடித்ததில்லை. வருகிறவர்களுக்குப் பில்சுன்தான் சொல்லிக்கொடுப்பாள்: கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் இலை வெந்து கசந்துபோகும், தண்ணீரைக் கிண்ணத்தில் ஆறவிடு, சூடு கை பொறுக்கிற அளவுக்கு வரட்டும், அவசரப்படாதே. அவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி தலையாட்டுவார்கள். புருஷன் அந்த நேரத்தில் கொல்லையில் பாட்டிலோடு இருப்பார். அதிலேயே போயும் சேர்ந்தார்.

ஆனால் அவள் பயம் செத்தவரைப் பற்றியதல்ல, பக்கத்தில் நிற்கிற மகன் கியூசிக்கைப் பற்றியது. படைத்த சாராயத்தில் மிச்சத்தை வீட்டு ஆண்கள் குடித்தே ஆகவேண்டும். பெரியவர் நீட்டினால் இரண்டு கையாலும் வாங்கவேண்டும், மறுப்பது மரியாதையில்லை. அவன் வசந்தத்திலிருந்து குடிக்கவில்லை. பூசான் ஆஸ்பத்திரியில் கட்டிலோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தார்கள் அவனை. இனி ஒரு சொட்டு உள்ளே போனால் மறுபடி முதலிலிருந்துதான் என்றார் டாக்டர். ஊருக்கு அவள் சொன்னது, பையன் கப்பல் வேலைக்குப் போயிருக்கிறான் என்று. அப்பனை உரித்து வைத்திருக்கிறான் என்று ஊர் பேசினால் அவளால் தாங்க முடியாது.

"சரி, உங்க டீயையும் ஊத்துங்க, யாரு வேண்டாங்கறா?" என்று தொக்பே சட்டைக்குள்ளிருந்து சோஜு சாராயப் பாட்டிலை எடுத்தான். கியூசிக் தேநீரை ஊற்றிக் கும்பிட்டான். தொக்பே சோஜுவைக் கிண்ணத்தில் நிரப்பிப் படைத்து, பாதியை மேட்டைச் சுற்றி ஊற்றிவிட்டு, மீதியை நீட்டினான்.

"இந்தாடா, உங்கப்பன் குடிச்ச மிச்சம். இளைச்சுக் கெடக்கியே, கப்பல்ல சோறே போடலியா?"

கியூசிக்கின் இரண்டு கைகளும் தானாக எழுந்தன.

பில்சுன் நடுவில் புகுந்து கிண்ணத்தைப் பிடுங்கி ஒரே மடக்கில் குடித்தாள். தொண்டை எரிந்து கண்ணில் தண்ணீர் முட்டியது. பாழாய்ப் போன இதற்காகவா இத்தனை வருஷப் பாடு என்று ஆத்திரமாக வந்தது.

"அய்யோ அண்ணி!" தொக்பே தொடையைத் தட்டிச் சிரித்தான். "இத்தனை நாளா இந்தத் திறமைய எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? ம், போதும். இப்ப பையன் முறை." கிண்ணத்தில் மறுபடி ஊற்றினான்.

அதையும் குடித்தாள்.

தொக்பேவின் சிரிப்பு நின்றது. அண்ணியைப் பார்த்தான். பிறகு கியூசிக்கின் கைகளைப் பார்த்தான். அவை இன்னும் நீட்டியபடியே, லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன.

பில்சுன் பாயில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மகனின் கைகளுக்குக் குறுக்கே காலிக் கிண்ணத்தைத் தொக்பேவிடம் நீட்டினாள். "ஊத்துங்க தம்பி," என்றாள்.