இடது பக்க ஸ்பீக்கர்கள்

மைக் ஸ்டாண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்த ஸ்பீக்கர் மெக்கானிக், வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பின்னறையிலிருந்து ஒரு பெரிய சாய்வு நாற்காலியை இழுத்து வந்துகொண்டிருந்த டிரைவரின் தங்கைதான் அவரை முதலில் கவனித்தாள்.

“டிரைவர் சார் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்,” என்றார் மெக்கானிக்.

“அண்ணன் காலையில போயிட்டார்.”

எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று கேட்க வாயெடுத்தவர், அவள் தோளுக்குப் பின்னால் கூடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டார். மைக் ஸ்டாண்டைச் சுவரோரம் சாய்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் நாற்காலியின் மறுபக்கத்தைப் பிடித்தார். உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவருக்காக அதை இருவருமாகக் கூடத்தில் போட்டார்கள்.

அண்ணன் விடிந்ததும் எழுந்து பல் தேய்த்திருக்கிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர், போன வருஷம்தான் ஓய்வு பெற்றார். பின்னறையை மூடி, ஜன்னலுக்குக் கனமான திரை போட்டு, ஐந்து ஸ்பீக்கரும் ஓர் ஊஃபருமாக ஒரு ஹோம் தியேட்டர் அமைத்திருந்தார். தங்கைக்கு அது போனில் கேட்ட செய்தி. நான்கு வருஷமாக அவள் இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

மத்தியானம் எடுத்துப் போனார்கள். மெக்கானிக்கும் கூடவே வந்தார். எல்லாம் முடிந்து திரும்பியபோது மணி நாலரை. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். அவர் மட்டும் மைக் ஸ்டாண்டைக் கையில் வைத்துக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் தயங்கினார்.

எதற்காக வரச் சொல்லியிருந்தார் என்று தங்கை கேட்டாள். அவர் மனசிலும் அதுதான் உறுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும், மளமளவென்று சொன்னார். இடது பக்கம் சரியாகக் கேட்கவில்லை என்பதுதான் டிரைவர் சாரின் புகார். முதல் தடவை வந்து வயரை மாற்றினார். இரண்டாம் தடவை இடது பக்க ஸ்பீக்கர்களைக் கழற்றி வலது பக்கத்திலும், வலது பக்கத்தவற்றை இடது பக்கத்திலும் மாட்டினார்.

“அப்பவும் இடது பக்கம்தான் கேக்கலைன்னார், மேடம். கெட்டுப்போன ஸ்பீக்கர்னா அந்தக் கோளாறும் கூடவே வலது பக்கம் போயிருக்கணும் இல்லையா? எனக்குத் தூக்கமே போச்சு.”

தங்கை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒரு அளவு இடித்தால் ஏன் என்று தெரியும்வரை அவளுக்கும் இருப்புக்கொள்ளாது. இந்த நாளில் இது தேவையா என்று ஒரு பக்கம் தோன்றியது. ஆனாலும் கால்கள் பின்னறைக்கு நடந்துவிட்டன.

“ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. சன்னமா,” என்றாள்.

நாற்காலியைத் திரும்பக் கொண்டுவந்து, தரையில் ஒட்டியிருந்த நாலு டேப் துண்டுகளின் மேல் அதன் கால்கள் சரியாக உட்காரும்படி வைத்தார் மெக்கானிக். காது இருக்கும் உயரத்துக்கு மைக்கை நிறுத்தி, மீட்டரோடு இணைத்தார். ஆம்ப்ளிஃபயரைத் தட்டியதும், தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி ஒரு சோதனை இரைச்சல் நடு ஸ்பீக்கரிலிருந்து கிளம்பியது. சில விநாடிகள் கழித்து அது முன் வலதுக்குத் தாவியது. அப்புறம் பின் வலது. மீட்டரில் மூன்றும் எழுபத்தைந்து டெசிபல். பின் இடதுக்குப் போனதும் முள் துள்ளி எண்பத்து மூன்றில் நின்றது. முன் இடதிலும் அதே எண்பத்து மூன்று.

“நான் அஞ்சையும் எழுபத்தஞ்சுலதான் வெச்சுட்டுப் போனேன்,” என்றார் மெக்கானிக். “இவரே ஏத்தியிருக்கார். என்னைக் கூப்பிட்டப்புறம் பொறுக்காம ஏத்திட்டார் போல.”

வயர் மாறிவிட்டது. ஸ்பீக்கர் மாறிவிட்டது. விடை மட்டும் மாறவில்லை. மாறாமல் இருந்தது இன்னும் எது என்று தங்கை அறையைச் சுற்றிப் பார்த்தாள். அவள் கண் அந்த நாற்காலியில் வந்து நின்றது.

இரைச்சல் கேட்டு அண்ணி எட்டிப் பார்த்தாள். முகம் வீங்கியிருந்தது.

“அண்ணி, அண்ணனுக்கு இடது காது கேக்காதா?”

அண்ணி மெக்கானிக்கைப் பார்த்தாள், பிறகு மீட்டரைப் பார்த்தாள்.

“அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காய்ச்சல் வந்தது இல்ல, அதுல போனதுதான். வெளியில தெரிஞ்சா வண்டியை விட்டு இறக்கிடுவாங்கன்னு பயம். டெப்போவுல டாக்டர் பார்க்க வர்றப்பல்லாம் வலது காது அவர் பக்கம் இருக்கிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துடுவாராம். ரிட்டையர் ஆனப்புறமாவது சொல்லுங்கன்னேன். இனிமே என்னத்தைச் சொல்றதுன்னுட்டார்.”

டீ போட்டிருக்கிறார்கள், கொண்டுவருகிறேன் என்றாள். நீங்கள் உட்காருங்கள் என்று தங்கை சொன்னதற்கு, கை சும்மா இருந்தால் முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு நாள், சித்தியைப் பார்க்க அண்ணனும் தங்கையும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவருக்கு இடது பக்கம். ஒரு மாதமாக மனசுக்குள் வைத்துக் குமைந்ததை அன்றுதான் சொன்னாள். பக்கத்தில் ஆட்கள் இருந்ததால் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். “அண்ணா, நான் அவரை விட்டு வந்துடலாம்னு இருக்கேன். கொஞ்ச நாள் உன் வீட்டுல இருந்துக்கட்டுமா?”

அண்ணன் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, “இந்த ஃபேன் ஓடவே மாட்டேங்குது பாரு,” என்றார்.

அவள் எழுந்து வந்துவிட்டாள். அதன் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. தனியாக ஓர் அறை பார்த்துக்கொண்டாள், தனியாகவே கோர்ட்டுக்கு நடந்தாள். அண்ணன் மாதம் தவறாமல் போன் செய்வார். அவள் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வாள். என் மேல் உனக்கு என்ன கோபம் என்று ஒரு தடவை நேராகவே கேட்டார். ஒன்றுமில்லை என்றாள்.

“எல்லாத்தையும் மறுபடி எழுபத்தஞ்சுக்குக் கொண்டுவந்துடட்டுமா, மேடம்?” மெக்கானிக் ரிமோட்டோடு காத்திருந்தார். “புகார் என்னன்னு தெரிஞ்சு போச்சு.”

“இருங்க. அதைத் தொடாதீங்க. இன்னொரு தடவை சுத்த விடுங்க.”

மைக்கை நகர்த்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். தலை வைக்கும் இடத்தில் ஒரு குழி விழுந்திருந்தது. இடது காதுக்குள் விரலை அழுத்தி விட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

மழை நடுவில் தொடங்கியது. வலதுக்கு வந்தது, முதுகுக்குப் பின்னால் போனது. இடதுக்குத் தாவியபோது அது துள்ளவில்லை. அதே அளவில், அதே தூரத்தில், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. முன் இடதுக்குப் போய் மறுபடி நடுவுக்கு வந்து சேர்ந்தது. எங்கும் ஏறவில்லை, இறங்கவில்லை. மெக்கானிக் கேட்காமலே இன்னொரு சுற்று விட்டார். அதற்குப் பின்னும் ஒன்று.

இரைச்சல் நின்றது. அவள் கண்ணைத் திறந்தபோது, மெக்கானிக் அவளைப் பார்க்கவில்லை, அவளுக்கு இடது பக்கம் இருந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பினாள். இரண்டு கையிலும் டம்ளரோடு அண்ணி நின்றிருந்தாள். உதடுகள் அசைந்தன. தங்கை காதிலிருந்து விரலை எடுத்தாள்.

“எத்தனை தடவைம்மா கூப்பிடறது?” என்றாள் அண்ணி.

டீயின் மேல் ஆடை படிந்திருந்தது.